திரும்பி வரும் பயணம்



2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இரண்டரை வயது மகனையும் கூட்டிக்கொண்டு கடலும் மலையும் பார்த்து வர நானும் கணவரும் ஆயத்தமானோம். ஏழு நாட் பயணம். அம்மாவும் வரச் சம்மதித்தார். நல்லூர்க் கொடியேற முன்னர் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

முதல்நாள் இரவு அம்மாவின் பையைத் திறந்து பார்த்தேன். காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு கொத்து அரிசி, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, நிலத்தில் விரிக்கப் பழைய சேலை இரண்டு.

"அம்மா, நாங்கள் இடம்பெயரேல்லை. ஊர் பாக்கத்தானே போறம். ஏழு நாளிலை வந்திடுவம்" என்றேன்.

"அண்டைக்கும் ரெண்டு நாளிலை வந்திடலாம் எண்டுதானே பிள்ளை வெளிக்கிட்டனாங்கள்" என்றார்.

அவர் சொன்னது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதியை. வலிகாமமே வெளிக்கிட்டு, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு அது. அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அடுத்த ஆண்டுதான் வீடு திரும்பினோம். அதனால் அந்தப் பையிலிருந்து ஒன்றையும் நான் எடுத்து வைக்கவில்லை.

எங்களில் அநேகருக்குப் பயணம் என்றால் இடப்பெயர்வுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். சந்தோசத்துக்காகப் புறப்படத்தான் தெரியாது.

வவுனியா ஊடாகப் பேருந்தில் திருகோணமலைக்குப் போனோம். புறப்படுமுன் பிள்ளைக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும். இடியப்பம் ஒன்றிரண்டு போதும். முன்பக்க ஆசனம் நல்லது. கொதித்து ஆறிய தண்ணீர், மாற்று உடுப்பு, பிள்ளையின் கிளினிக் கொப்பி, இரண்டு பைக்கற் ஜீவனி ஆகியவை கையோடு இருக்க வேண்டும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பாவிக்க வேண்டும். அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

நிலாவெளிக் கடல் வைகாசி முதல் புரட்டாதி வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மாரியில் கொந்தளிக்கும். அமைதியான கடலிலும் குழந்தை எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பின் வெயில் கடுமை. ஆகவே விடியவும் பின்னேரமும்தான் நாங்கள் கடற்கரைக்குப் போனோம்.

அம்மா கரையிலேயே இருந்துவிட்டார். "புருசன் இல்லாதவள் கடலுக்கை நிண்டு விளையாடினால் சனம் என்ன சொல்லும்?" என்றார். அந்தக் கரையில் எங்களைத் தெரிந்த சனம் ஒருவரும் இல்லை. ஆனாலும் சனத்தின் கதை அவரோடு கூடவே வந்திருந்தது. மகன் ஓடிப்போய் அம்மம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தான். கணுக்கால் அளவு தண்ணீரில் அம்மா நின்றார். அலை வந்து சேலையை நனைத்தபோது சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதாக ஞாபகமில்லை.

மறுநாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணறுகளும் ஏழு விதச் சூடு. பிள்ளையில் வார்க்குமுன் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள்.

பின்பு பேருந்தில் கண்டிக்குப் போய், அங்கிருந்து புகையிரதத்தில் நானுஓயாவுக்கும், அப்பால் நுவரெலியாவுக்கும் சென்றோம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையும் பெயரில்தான் மலை. எனவே குளிரை நாங்கள் குறைவாக மதிப்பிட்டு விடுகிறோம். ஒரு தடித்த உடுப்பைவிட இரண்டு மூன்று மெல்லிய உடுப்புக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. தொப்பியும் காலுறையும் கட்டாயம்.

மலையில் மூடுபனி இறங்கியதும் மகன் "அம்மம்மா, புகை!" என்று கத்தினான். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு அவனை அணைத்து, "அது பனியடா ராசா" என்றார். அவனுக்குப் புகை என்றால் அடுப்புப் புகை மட்டுந்தான். அப்படியே இருக்கட்டும்.

தேயிலை மலையோரம் கொழுந்து பறிக்கும் ஒரு தாயோடு அம்மா கதைத்தார். அவருடைய சின்னப் பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தது. அவருடைய பெரியம்மா 1977 கலவரத்தில் கிளிநொச்சிக்குப் போனவராம். இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கும் மலையகம் பாட்டியின் ஊர்தான். நாங்கள் படம் எடுக்கும் பச்சை மலை இன்னொரு பெண்ணுக்கு வேலைத்தளம். அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.

ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. ஓய்வு எல்லோருக்கும் உரியது என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரையும் சொல்கிறது. கணவனை இழந்தவர், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவர் என்று யாருக்கும் அதில் விலக்கு இல்லை. சிரித்தால் இறந்தவர்களை மறந்துவிட்டோம் என்று ஆகாது. போன இடத்திலும் பெண்ணே சமைத்து, பெண்ணே பிள்ளை தூக்கினால் அது ஓய்வும் ஆகாது. எங்கள் பயணத்தில் மகனைத் தூக்கியது பெரும்பாலும் கணவர்தான்.

எல்லோராலும் நுவரெலியாவுக்குப் போக முடியாது. மாதர் சங்கத்தில் பத்துப் பேர் மாதம் மாதம் சிறுதொகை சேர்த்தால், காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கோ கீரிமலைக்கோ பிள்ளைகளோடு ஒருநாள் போய்வரலாம். கீரிமலையில் பெண்களுக்கெனத் தனிக் கேணியும் உண்டு. மலையகம் போகிறவர்கள் முதலில் பாதை நிலைமையை விசாரியுங்கள். 2025 நவம்பர் டிட்வா புயலில் அப்பகுதி பெரும் சேதமடைந்தது.

ஏழாம் நாள் இரவு வீடு வந்தோம். அம்மா பையைத் திறந்து காணி உறுதியைப் பெட்டியில் வைத்தார். ஒரு கொத்து அரிசியும் அப்படியே இருந்தது. அதை அரிசிப் பானைக்குள் கொட்டிவிட்டு, "அடுத்த முறை இது தேவையில்லைப் பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, நீங்களும் ஒருநாள் போய்வாருங்கள்.