உபகாரம் செய்தவர் யார்?

ஆண்டுதோறும் ஒரு வேண்டுகோள் கடல் கடந்து போகிறது. "எங்கள் கல்லூரியில் படித்து, இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செல்வாக்கோடு வாழும் பழைய மாணவர்களே! இங்கே ஏழைகளாக இருந்தாலும் திறமையுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபகாரச் சம்பளம் தந்து கைதூக்கி விடுங்கள்" என்பதே அதன் சாரம். கல்லூரி நிர்வாகங்கள் கேட்கின்றன, சர்க்காரும் கேட்கிறது.

பார்வைக்கு இது நல்ல காரியம். கூலிக்காரர் மகள் டாக்டராவதை யார் வேண்டாம் என்பார்கள்? நாம் சொல்ல மாட்டோம். யார் கொடுத்தாலும் பிள்ளை படிக்கட்டும். ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு கருத்தும் கப்பலேறி வருகிறதே, அதை உரசிப் பார்க்காமல் விட முடியாது. ஏழைப் பிள்ளையின் படிப்பு, பெரிய மனிதர் மனமிரங்கி இடுகிற பிச்சை என்பதே அந்தக் கருத்து. இதை ஒப்புக்கொண்ட மறுகணமே சர்க்காரின் கடமை கழன்று விழும். நம்முடைய உரிமையும் கைநழுவிப் போகும்.

முதல் போட்டவர் யார்?

கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் தையூர் இருக்கிறது. அங்கே சென்னை ஐ.ஐ.டி.யின் இரண்டாவது வளாகம் எழும்பியிருக்கிறது. மொத்தம் 163 ஏக்கர். தமிழக சர்க்கார் கொடுத்த நிலம் அது. அதாவது மக்களின் நிலம். கிண்டியில் உள்ள மூல வளாகமும் அப்படித்தான். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்திய சர்க்கார் 1959ல் அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கியது. அதன் கட்டிடம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் பொதுப் பணம்.

பொதுப் பணம் எங்கிருந்து வந்தது? வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்பது பணக்காரர்களின் கட்டுக்கதை. மதுராந்தகத்தில் நாற்று நடும் பெண் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கினாள், வரி கட்டினாள். ஆலைத் தொழிலாளி வேட்டி வாங்கினான், வரி கட்டினான். அன்று விற்பனை வரி, கலால் வரி; இன்று ஜி.எஸ்.டி. பெயர் மாறியது, கட்டுகிற கை மாறவில்லை.

இப்படிச் சேர்ந்த பணத்தில்தான் பொறியியல் கல்லூரிகளும், 1965ல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி போன்றவையும் நடந்தன. அவற்றில் சொற்பக் கட்டணத்தில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் அயல்நாடு போனார்கள். போனதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பிழைக்கப் போகிறவரைத் தடுக்க நமக்கு மனமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: முதலில் உபகாரம் செய்தவர் யார், பெற்றவர் யார்? தன் மகளைப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லாத நாற்றங்கால் கூலிக்காரிதான், பிறர் பிள்ளையைப் பட்டதாரியாக்கினாள். அவள் பெயரில் எந்தக் கல்லூரியிலும் கல்வெட்டு கிடையாது!

சென்னை ஐ.ஐ.டி.யில் 1970ல் படித்து முடித்து, அமெரிக்கா சென்று தொழில் நடத்திய கிருஷ்ணா சிவுகுளா, 2024 ஆகஸ்டில் தாம் படித்த ஸ்தாபனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். மாணவர் உதவித்தொகையும் அதில் அடக்கம். கட்டிடம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கொடுத்தது நல்லது, கொடுக்காமல் மறந்தவர்களே அதிகம். ஆனாலும் கணக்கில் அதை வரவு வைக்கும்போது 'கடன் திருப்பம்' என்ற தலைப்பில்தான் வைக்க வேண்டும்.

இது தொழிலாளிகளின் பிடிவாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழை நாட்டுச் செலவில் படித்துப் பணக்கார நாட்டில் சம்பாதிப்பவரிடம் வரி வசூலித்து, அந்தத் தொகையை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்று 1972ல் யோசனை சொன்னவர் பொருளாதார நிபுணர் ஜகதீஷ் பகவதி. அவர் நம் முகாமைச் சேர்ந்தவரல்ல. தடையற்ற வர்த்தகத்துக்காக வாதாடுகிறவர். அவருக்கே நியாயமாகப் பட்ட யோசனை அது. வரி என்றால் கொடுத்தே தீர வேண்டும். நன்கொடை என்றால் மனம் இருந்தால் கொடுக்கலாம். ஆளும் கூட்டத்தார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கடல் கடந்தவர் எல்லாரும் டாக்டரும் எஞ்சினியரும் அல்ல. வளைகுடா நாட்டு வெயிலில் சாரம் கட்டிச் செங்கல் சுமக்கும் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை அவர்கள் மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். அதுவும் உபகாரச் சம்பளம்தான். அதற்கு மாலையில்லை, மேடையில்லை, வரிச் சலுகையும் இல்லை.

ஒரு கையில் கத்தரி, மறு கையில் உண்டியல்

2016ல் ஐ.ஐ.டி.களின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 90 ஆயிரம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவருக்கும், மாற்றுத் திறனாளிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவருக்கும் முழு விலக்கு. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரு பங்கு விலக்கு. இந்த விலக்குகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கு யார் கொடுப்பது? இரண்டு ஷிப்டு வேலை பார்த்து ஆண்டுக்கு 5 லட்சத்தைச் சற்றே தாண்டிய தொழிலாளி, தொழிற்சாலை முதலாளியோடு ஒரே வரிசையில் நிற்பது என்ன நியாயம்?

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. வேலை போன தொழிலாளிக்கு முந்திய வருடத்து வருமானச் சான்றிதழ் இருக்கும். இந்த வருடத்து வருமானம் இராது. எந்த விண்ணப்பத்தில் இதற்கு இடம் இருக்கிறது?

முதலில் கட்டணத்தை உயர்த்துவது, பிறகு கட்டணம் கட்ட முடியாதவனுக்கு உதவுங்கள் என்று உலகம் முழுதும் உண்டியல் குலுக்குவது. காலை முறித்துவிட்டுக் கட்டைக்கால் வாங்கித் தருகிற தருமம் இது!

'ஆனால்' என்ற ஒரு சொல்

ஏழை, ஆனால் திறமைசாலி என்கிறார்கள். இந்த 'ஆனால்' எதற்கு? பணக்காரர், ஆனால் திறமைசாலி என்று யாராவது சொல்லக் கேட்டதுண்டா? திறமை பணக்கார வீட்டில் இயற்கையாய் விளைவது போலவும், குடிசையில் எப்போதோ அதிசயமாய் முளைப்பது போலவும் அல்லவா இந்தச் சொல் காட்டுகிறது!

மாமல்லபுரத்துக் கற்களைப் பாருங்கள். அவற்றைச் செதுக்கிய உளிகளைப் பிடித்தவர்கள் உழைப்பாளிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். 1978ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. அவர்கள் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் வயலில் பாம்பு கடித்த உழவனுக்கு மருந்து தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளை எப்படித் தேடிப் பிடிப்பது என்று படித்தவர்களுக்குக் காட்டினார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்கா போன இந்தத் தமிழர்கள் எந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள்?

திறமைக்குப் பஞ்சமில்லை, வாய்ப்புக்குத்தான் பஞ்சம். இருளர் பிள்ளை உபகாரச் சம்பளம் கேட்டுப் போனால் முதலில் ஜாதிச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். அந்தத் தாளுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கும் கோட்டாட்சியர் ஆபீசுக்கும் நடந்து நடந்து, கூலியை இழந்து, கடைசியில் படிப்பையே விடுகிற குடும்பங்கள் உண்டு. நியூயார்க்கிலிருந்து ஆயிரம் டாலர் வந்தாலும் இந்தத் தாள் வந்துவிடாது.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருவனைப் பொறுக்கி எடுத்துப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். மற்ற முப்பத்தொன்பது பேர்? அவர்கள் சோம்பேறிகளா? பொறுக்கி எடுக்கப்பட்டவன், மற்றவர்களை வெளியே நிறுத்தியதற்குச் சாட்சியாக்கப்படுகிறான். "உழைத்தால் நீயும் வந்திருக்கலாமே" என்று அவனைக் காட்டியே நம் வாயை அடைக்கிறார்கள்.

இந்த ஜில்லா கண்ட பாடம்

அயல்நாட்டுப் பணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், நிலமும் மனைக்கட்டும் இல்லாமல் பண்ணையாட்களாய்க் கட்டுண்டு கிடந்த தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892ல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அதே காலத்தில், ஊர்ப் பள்ளிகள் கதவை அடைத்திருந்த நாளில், அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894ல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஸ்காட்லாந்து மிஷன்காரர்களும் செங்கல்பட்டில் பள்ளி நடத்தினார்கள். மிராசுதார்கள் மறுத்ததை அந்நியர் கொடுத்தார்கள். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பள்ளிகள் எத்தனை பிள்ளைகளைத் தொட்டிருக்க முடியும்? நன்கொடை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான். சுதந்திரத்துக்குப் பின்பே நிலைமை மாறியது. மதிய உணவுத் திட்டம் 1956ல் தொடங்கியபோது ஊர் மக்களின் அரிசியும் விறகும்தான் அடுப்பை மூட்டின. 1958ல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஏழைகளும் தம்மால் இயன்ற பலகையையும் சிலேட்டையும் கொடுத்தார்கள். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. சர்க்கார் உணவுச் செலவில் பங்கேற்றது. கிராமந்தோறும் பள்ளி திறந்தது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது. கட்டணத்தை ரத்துச் செய்தது. மக்களின் கொடை சர்க்காரின் கடமையாக மாறியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் உள்ளே வந்தது அதனால்தான்.

இன்று வண்டியைத் திருப்பி ஓட்டப் பார்க்கிறார்கள். கடமையைக் கொடையாக மாற்றுகிறார்கள். 2022 டிசம்பர் 19ல் தமிழக சர்க்கார் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கி, பழைய மாணவரிடமும் வெளிநாட்டுத் தமிழரிடமும் கம்பெனிகளிடமும் நிதி கேட்டது. டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் அதற்குத் தலைவரானார். டில்லியின் 2020 கல்விக் கொள்கையும் தனியார் கொடையாளரை ஊக்குவிக்கச் சொல்கிறது. ஊர்ப் பள்ளிக்குச் சுவர் எழும்பட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பள்ளியின் கழிப்பறை முதலாளியின் லாபக் கணக்கை நம்பி நிற்கலாமா?

பணம் இல்லையா?

"சர்க்காரிடம் பணம் இல்லையே, கிடைப்பதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அன்று சொன்னவர் நிதி மந்திரியே. 228 கோடி கொடுக்கும் வள்ளல்கள் ஆண்டுதோறும் 635 பேர் வந்தாலும் அந்த ஓட்டை அடையாது!

அதே காலத்தில் என்ன நடந்தது? 2017 முதல் 2020 வரை தாழ்த்தப்பட்ட மாணவரின் மேல்படிப்பு உபகாரச் சம்பளத்துக்கு நாடு முழுதுக்கும் டில்லி கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடிதான். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2020 டிசம்பரில் 60 சதவிகிதத்தை டில்லி ஏற்க வேண்டியதாயிற்று. 2022ல் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை தந்த உதவித்தொகையை நிறுத்தினார்கள். மௌலானா ஆசாத் ஆய்வு நிதியையும் நிறுத்தினார்கள். 2024-25ல் தமிழகப் பள்ளிகளுக்குத் தர வேண்டிய 2,152 கோடியை, தங்கள் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். தேச வருமானத்தில் 6 சதவிகிதம் கல்விக்கு என்று 1966ல் கோத்தாரி கமிஷன் சொன்னது; இன்றுவரை எட்டவில்லை.

ஆகவே பணம் இருக்கிறது. போகிற திசைதான் வேறு.

சட்டம் செய்த காரியத்தையும் பாருங்கள். நீட் தேர்வு வந்தபின் சர்க்கார் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி போனவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தது. 2020ல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமானது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். இடம் கிடைத்தும் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் சிலர் திரும்பினார்கள், கூக்குரல் எழுந்தது, கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கும் என்று அந்த நவம்பரிலேயே அறிவிப்பு வந்தது. ஒரு சட்டம், அதன் பின்னால் மக்களின் குரல்! எந்தக் கொடை இதைச் செய்திருக்கும்?

நாம் கேட்பது

அயல்நாட்டுப் பழைய மாணவர்களுக்குச் சொல்கிறோம்: கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளையை மேடையேற்றி அதன் வறுமையைச் சொல்ல வைக்காதீர்கள். மாணவர் விடுதிக்கும் நூலகத்துக்கும் பொது நிதிக்கும் கொடுங்கள். உங்கள் காலத்துக் கட்டணம் இன்றைய பிள்ளைக்கும் வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆயிரம் டாலரைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

சர்க்கார்களுக்குச் சொல்கிறோம்: உபகாரச் சம்பளத்தைப் படிப்பு தொடங்கும்போதே கொடு, ஜாதிச் சான்றிதழைக் குடிசை வாசலுக்குக் கொண்டு வா, உயர்த்திய கட்டணத்தைக் குறை, கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த வரியை வசூல் செய்!

தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளிகளே! உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய் உட்காருங்கள். எத்தனை பிள்ளைக்கு உதவித்தொகை வந்தது, எத்தனைக்கு வரவில்லை, ஆதிதிராவிடர் விடுதியில் சாப்பாடு எப்படி என்று பெயர் பெயராகக் கணக்குக் கேளுங்கள். போனஸ் கோரிக்கையோடு பிள்ளையின் படிப்பும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும்.

யாரிடமும் நாம் கையேந்தவில்லை. நாம் கொடுத்ததைத்தான் திருப்பிக் கேட்கிறோம்!