வலி நின்றதா, அடைப்பு நீங்கியதா?

"கல்லு கரைஞ்சிடுச்சு சார், இப்ப வலியே இல்ல." கடற்கரைச் சாலை நடையில் மாதம் ஒருவராவது இப்படிச் சொல்கிறார். வாழைத்தண்டுச் சாறு குடித்தாராம். மறுபடி ஸ்கேன் எடுத்தீர்களா என்றால், "எதுக்கு சார் வீண் செலவு?"

வாழைத்தண்டுக் கூட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியக் கற்கள். அவை எந்தச் சாற்றிலும் கரையாது. 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பெயர் சாற்றுக்குப் போய்விடும்!

கல் சிக்குவது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் மேல் குழாயில். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அது 'யுர்த்தேர்', பையிலிருந்து வெளியே போவது 'யுரெத்ர்'. மாற்றி எழுதினால் மார்க் போச்சு. நாம் இரண்டையும் மூத்திரக்குழாய் என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

மேல் குழாயின் நீளம் ஏறக்குறைய 25 செ.மீ., அகலம் சில மில்லிமீட்டர்தான். அடைபட்டால் தேங்கும் சிறுநீர் குழாயை விரிக்கும், பிறகு சிறுநீரகத்தையும் விரிக்கும். ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோயூரிட்டர்' என்று வருவது இந்த விரிவுதான். திடீரென ஏறும் அழுத்தம்தான் வலி. நாளாவட்டத்தில் அந்தச் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும், வலியும் அடங்கும். அடைப்பு மட்டும் அப்படியே இருக்கலாம். மற்றொரு சிறுநீரகம் ஈடுகட்டுவதால் சிறுநீர் வழக்கம்போல் போகும், கிரியேட்டினின்கூடச் சரியாக இருக்கக்கூடும். மனுதாரர் கேட்டு வருவதை நிறுத்தியதும் கோப்பை முடிந்ததாகக் கட்டிவைக்கும் எழுத்தர்களை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தக் கதைதான். வாரக்கணக்கில் முழு அடைப்பு நீடித்தால், கெட்டுப்போன சிறுநீரகம் முழுதாகத் திரும்பாது.

நம் வயது ஆண்களுக்கு இன்னொன்று. ப்ராஸ்டேட் வீங்கிப் பை காலியாகாமலே இருந்தால், இரண்டு குழாய்களும் வலியே இல்லாமல் விரியும். "வயசானா அப்படித்தான்" என்று இரவில் ஐந்து முறை எழுபவர் கவனிக்கட்டும். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் குழாயை நெருக்கலாம்.

விரிவு என்றாலே ஆபரேஷன் என்று அலறவும் வேண்டாம். பை நிரம்பியிருக்கும்போது எடுத்த ஸ்கேனில் லேசான விரிவு தெரியலாம். சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு வருவது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சரியாகிவிடும். காரணம் எது என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்.

ஆனால் விலாவில் வலியோடு குளிர்ஜுரம் வந்தால், சிறுநீர் நின்றுபோனால், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தால், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளி இன்னும் சீக்கிரம். அடைப்புக்கு மேலே கிருமி சேர்ந்தால் ரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரை மட்டும் போதாது, ஸ்டென்ட் வைத்தோ முதுகுப்பக்கம் குழாய் போட்டோ தேங்கியதை வடிக்க வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.