கணிப்பொறி கற்ற மாணவர் யார் பணிக்கு?

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் ஏற்பட்டது. அன்றுதொட்டு அரச பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவரின் கல்விச் செலவை இறுத்து வருபவர் யாவர்? சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி செலுத்துங் கமக்காரரும், கடற்றொழிலாளரும், தோட்டத் தொழிலாளருமன்றோ! அவர்கள் செலவிற் கற்ற வித்தை அவர்கள் வாசலை ஒருநாளேனும் மிதித்ததுண்டா என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

பொறியியலும் கணிப்பொறியியலும் பயிலும் மாணவர் பட்டம் பெறுமுன் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து தொழிற்பயிற்சி பெறுகின்றனர். அந்நிறுவனம் பெரும்பாலுங் கொழும்பில் இருக்கின்றது. அதன் வாடிக்கையாளரோ பெரும்பாலுங் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். அங்கு செல்வது குற்றமென நாம் கூறவில்லை. வயிற்றுப்பாடு எல்லார்க்கும் உண்டு. ஆனால், ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ, கமக்காரர் அமைப்பிலோ, இடம்பெயர்ந்தோர் சங்கத்திலோ அதே மாதங்களைக் கழிக்க விரும்பும் மாணவனுக்கு வழி காட்டுவார் இல்லையே! அதுவே குற்றம்.

இஃது ஏதோ தர்மகாரியம் பற்றிய பேச்சன்று. நிலம் பற்றிய பேச்சு.

2025 மார்ச்சு 28 ஆந் திகதிய வர்த்தமானியை மறந்துவிட்டோமா? காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் அவ்வறிவித்தல் வெளிவந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,940 ஏக்கர் நிலம் அதில் அடங்கியிருந்தது. மூன்று மாதங்களுள் உரிமை கோராவிடின் நிலம் அரச காணியாகும் என்பது அதன் சாரம். எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்த பின்னர் அவ்வாண்டிலேயே அது மீளப்பெறப்பட்டது. அறிவித்தல் போயிற்று, சட்டம் போகவில்லை. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், 1897 இன் தரிசு நிலச் சட்டம், 1931 இன் காணி நிர்ணயச் சட்டம் என அந்த ஆயுதம் பெயர் மாறி வந்ததேயன்றிக் கூர் மழுங்கியதில்லை. குறித்த தவணைக்குள் எழுத்தாலே எண்பிக்காதவனது நிலம் அவனதன்று என்பதே அவற்றின் உட்பொருள்.

அந்த மூன்று மாதங்களில் நம்மவர் நிலை யாது? பலமுறை இடம்பெயர்ந்தவரிடம் உறுதி இல்லை. தாய் உறுதி ஷெல்லடியில் எரிந்தது. நகல் எந்தக் காணிப் பதிவகத்தில் உண்டென்பது தெரியாது. தகப்பன் இறந்தான், மூத்தவன் கனடாவில், இளையவள் பிரான்சில். ஊரிலுள்ள தாய்க்கு வர்த்தமானி வந்ததே தெரியாது. வழக்கறிஞர் சிலர் இரவு பகலாக உழைத்தனர். ஆயினும் சட்டவாதம் மட்டும் ஒருவன் காணியைக் காப்பதில்லை, ஆவணமே காக்கும். ஆவணத்தைத் தேடி, படியெடுத்து, துண்டுவாரியாக அட்டவணைப்படுத்தி, நிலஅளவைப் படத்தோடு ஒப்புநோக்கி வைப்பது பத்து வழக்கறிஞராற் கூடாத காரியம். கணிப்பொறி பயின்ற இருபது மாணவர் ஒரு பருவத்திற் செய்யத்தக்க காரியம்.

ஒரு கிராமத்துக்கு இரு மாணவர் போதும்: ஒருவர் கணிப்பொறி கற்பவர், மற்றவர் சட்டம் பயில்பவர். உறுதிகளை ஒளிப்படியாக்கலாம், கைத்தொலைபேசியைக் கொண்டே காணியின் இருப்பிடத்தைக் குறிக்கலாம், வெளிநாட்டிலுள்ள உரித்தாளர் பட்டியலைத் தயாரிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், காரணங் கூறாமலே எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுள் அலுவலர் தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எந்த மனு எத்தனையாம் நாளில் நிற்கின்றது என்பதைக் கணக்கு வைப்பாரின்றியே நமது மனுக்கள் அலுவலக அலுமாரிகளில் உறங்குகின்றன. அக்கணக்கை வைப்பது கணிப்பொறிக்கு விளையாட்டு.

இது நடவாத கனவென்று நகைப்பவர்க்குச் சான்று கூறுவோம். 2004 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைக் கணிப்பொறியாளர் சில வாரங்களுள் 'சகானா' என்னும் மென்பொருளைச் சமைத்தனர். பின்னர் அது பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 1981 இல் யாழ். நூலகம் தீக்கிரையான துயரை அறிந்த நம்மவர், 2005 இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொண்டர் முயற்சியாகத் தொடங்கினர். அதற்கும் முன்னர், 1924 இல், யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசை அமைத்தவர்கள் சாதிக் கொடுமையை எதிர்த்தனர். 1927 இல் காந்தியடிகளை இங்கு வரவழைத்தனர். மாணவர் ஊருக்கு உழைப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. பயிற்சியின் பெயரால் அவர்களை ஊரிலிருந்து பிரிப்பதே புதிது.

இனி மறுப்புக்களைப் பார்ப்போம். கூட்டுறவுக் கடையில் இருந்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான் என்பர் சிலர். ஆயிரம் உறுதிகளை ஒழுங்குபடுத்தி, பிழை கண்டு, எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளத் தக்கதாகச் செய்தவன் வேலை அறிந்தவனா? பிறர் எழுதிய நிரலில் ஒரு வரி திருத்தியவன் அறிந்தவனா? இஃது அரசியல் என்பர் வேறு சிலர். தன் காணியின் உறுதியைத் தேடுவது அரசியலாயின், அதைத் தேடாமல் இருக்கச் செய்வது அதனினும் பெரிய அரசியல்.

மூன்றாவது மறுப்பு வலிதானது. ஏழையின் ஆவணம் அந்நியன் கணிப்பொறியிற் புகுந்தால் காவல் யாது? உண்மை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டதும் இத்தகைய அச்சத்தினாலேயே. ஆகவே, பதிவேட்டின் சொந்தக்காரர் ஊர்ச் சங்கமாக இருத்தல் வேண்டும். மாணவனோ, கொடைநிறுவனமோ, பல்கலைக்கழகமோ அன்று. எழுத்து மூலமான உடன்பாடின்றி ஓர் உறுதியுந் தொடப்படலாகாது.

நம்மவர்க்கும் ஒரு சொல். உறுதி உள்ளவன் காணியை மட்டும் பதிந்தால் அது நீதியாகாது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர் பலரிடம் உறுதியே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்திற் குடியிருக்கும் ஒடுக்கப்பட்ட மக்களிடமும் இல்லை. அவர்கள் வெட்டிய கிணறும், நட்ட தென்னையும், செலுத்திய மின்கட்டணச் சிட்டையும் பதிவேட்டில் ஏறல் வேண்டும். சங்கத் தலைவரின் முற்றத்தோடு திரும்பும் மாணவன் வராதிருப்பதே மேல்.

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. பல்கலைக்கழகங்கள் ஊர்ச் சங்கங்களிற் பெறும் பயிற்சியை நிறுவனப் பயிற்சிக்கு நிகராக ஏற்று, புள்ளி வழங்குக. பொறியியலாளரும், கணக்காளரும், வழக்கறிஞரும், வைத்தியரும் தத்தம் ஊர் மாணவர் இருவரின் பயிற்சிக்காலப் படியைப் பகிர்ந்து கொடுத்து, மேற்பார்வையும் ஏற்பாராக. கமக்காரர் அமைப்புக்கள் ஒரு மேசையும், ஒரு மின்விளக்கும், செய்யவேண்டிய வேலையின் பட்டியலும் ஆயத்தஞ் செய்க. மாணவனை வேலைகொள்ளும் அதிகாரம் அவர்களதே.

அடுத்த வர்த்தமானி எப்போது வரும் என்பதை எவரும் நமக்கு முன்கூட்டி அறிவிக்கப் போவதில்லை. வந்தால் தவணை மீண்டும் மூன்று மாதமாகவே இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுவதற்கு வேண்டிய அறிவு நம் பிள்ளைகளிடம் இருக்கின்றது. அதற்குரிய விலையை நம் கமக்காரர் முன்னரே கொடுத்துவிட்டனர். அந்த அறிவை ஊருக்குள் அழைப்பது ஒன்றே எஞ்சியுள்ளது.