பைத்தான் புரோகிராம் எங்கும் ஓடுமா?

'ஒருமுறை எழுதினால் போதும், விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும்' - ஸ்கிரிப்ட் மொழிகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வசனம் இது. 2019 முதல் பிளஸ் 2 கணினி அறிவியலில் பைத்தான் பாடமாகி விட்டதால் நம் பிள்ளைகளும் இதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பாதி உண்மைதான்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே மெஷினில் வந்தன. அப்படி இரண்டும் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். லினக்ஸில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் 'மேச்சேரி ஆடு' என்று யுனிகோடில் டைப் செய்து சேமியுங்கள். அதைத் திறந்து படிக்கும் இரண்டு வரி பைத்தான் புரோகிராம் அங்கே ஒழுங்காக ஓடும். ஆங்கில விண்டோஸில் அதே புரோகிராம், அதே ஃபைல், முதல் புள்ளியிலேயே பிழைச் செய்தியுடன் நின்றுவிடும்!

காரணம் இதுதான். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்ப் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தான் விண்டோஸின் பழைய 1252 எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அதில் 141-ம் இடம் காலி. ஆங்கிலம் மட்டுமே உள்ள ஃபைலில் இந்தத் தொல்லை தலைகாட்டாது. ஆகவே பையன் என்ன முடிவுக்கு வருவான்? 'தமிழில் போட்டதுதான் தப்பு' என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான். எனக்கு வருத்தம் அங்கேதான்.

ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பைத்தான் 3.15 பதிப்பு முதல் இதுவே இயல்பு நிலை என்று முடிவாகியுள்ளது. ஆனால் பள்ளி லேபில் புதிய பதிப்பு ஏறுவது எப்போது என்பது உங்களுக்கே தெரியும்.

திரையைத் துடைக்கும் கட்டளை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. 'சி' டிரைவ் முகவரியை எழுதிவைத்த புரோகிராம் லினக்ஸில் படுத்துவிடும். இதற்கெல்லாம் மொழியைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸுக்காக கம்பைல் செய்த சி++ புரோகிராமோ லினக்ஸில் நேரடியாக ஓடவே ஓடாது. அந்த வகையில் பைத்தான் எவ்வளவோ மேல்.

செய்முறை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைல் பாடத்தில் ஒரே ஒரு பயிற்சியையாவது தமிழ்ப் பெயர்களோடு கொடுங்கள். மாணவர் வீட்டில் எழுதியதை லேபில் வேறு சிஸ்டத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.