ரெண்டு சர்வர், ஒரு தபால்பெட்டி

போன வாரம் இந்தப் பக்கம் வரல. பகுதி நேரமா நான் குப்பை கொட்டுற கம்ப்யூட்டர் ரூம்ல மெயில் சர்வர் படுத்துன பாடு அப்படி.

மேட்டர் இதான். மடல் எல்லாம் என்.எஃப்.எஸ் மூலமா பகிர்ந்த ஒரே டிஸ்க்ல. முன்னாடி டவ்காட் ஓடுற சர்வர் ரெண்டு. ஒரு பேராசிரியரோட செல்போன் ஒண்ணுக்கும் லேப்டாப் இன்னொண்ணுக்கும் போயிருக்கு. படிச்ச மடல் படிக்காத மாதிரி காட்டுது, ஒரு ஃபோல்டரே காலியா தெரியுது. ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்துக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள். அதுக்கான கடிதம் அந்த ஃபோல்டர்லதான்!

மடல் எங்கயும் போகல. மெயில்டிர் முறையில ஒரு மடலுக்கு ஒரு ஃபைல். ஃபைல் பேர்லயே நேரம், சர்வர் பேர் எல்லாம் இருக்கறதால ரெண்டு சர்வர் எழுதினாலும் மோதாது, பூட்டே வேணாம். 1990கள்ல க்யூமெயிலுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் யோசிச்சது. மனுஷன் கில்லாடி.

வினை இண்டெக்ஸ்ல, அதாவது மடல்களைப் பத்தி டவ்காட் எழுதி வைக்கிற குறிப்புல. என்.எஃப்.எஸ்ல ஒவ்வொரு சர்வரும் பழைய நகலைக் கொஞ்ச நேரம் தன் மெமரியில வச்சிருக்கும். அதை நம்பி ரெண்டும் ஒரே இண்டெக்ஸ்ல எழுதினா குளறுபடிதான்.

இண்டெக்ஸை அழிச்சேன், டவ்காட் தானே புதுசா கட்டிக்கிச்சு, கடிதம் கிடைச்சுது. ஆனா அவசரத்துல யுஐடிலிஸ்ட் ஃபைலையும் சேர்த்து அழிச்சுத் தொலைச்சேன். மடலுக்கெல்லாம் புது நம்பர். அவர் லேப்டாப் அத்தனையையும் மறுபடி இறக்க ஆரம்பிச்சுது. ஹிஹி...

இப்ப ஒருத்தர் எதுல வந்தாலும் ஒரே சர்வருக்குப் போற மாதிரி மாத்தியாச்சு. அது படுத்தாதான் இன்னொண்ணு. பேராசிரியர் மட்டும் இன்னும் என்னைப் பார்த்து சிரிக்கல.