ரூ.32,900-க்கு பேசுற ஸ்பீக்கர்... நெல்லித்தோப்பில் விலை போகுமா?

புதுச்சேரி: "பாட்டு போடு" என்று சொன்னால் பாடும். "மழை வருமா?" என்று கேட்டால் பதில் சொல்லும். இப்படி ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வீட்டில் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? விலையைக் கேட்டால்தான் தலை சுத்துது!

ஆப்பிள் கம்பெனியின் 'ஹோம்பாட்' 2-வது மாடல் 2023 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.32,900. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஒருவர் நாளுக்கு ரூ.700 கூலி வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், இது 47 நாள் கூலி. வட்டியில்லாமல் 12 தவணை போட்டாலும் மாதம் ரூ.2,740-க்கு மேல் போகும்.

முதல் மாடல் வாங்கிய அடி

இதன் முதல் மாடல் 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் 349 டாலருக்கு வந்தது. அடுத்த வருஷமே 299 டாலராக இறக்கினார்கள். 2020-ல் இந்தியாவில் ரூ.19,900-க்கு விற்றார்கள். 2021 மார்ச்சில் கடையைக் கட்டிவிட்டார்கள். ரூ.9,900-க்கு வந்த குட்டி மாடல்தான் நின்றது.

பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியாது!

2018 ஜூனில் பிரான்சில் விற்பனைக்கு வந்தபோதே ஹோம்பாட் பிரெஞ்சு பேசியது. 2023 மாடலுக்கும் தமிழ் வரவில்லை. பாரிசில் இருந்து லீவுக்கு வரும் சித்தப்பா சொன்னால் கேட்கும். வீட்டோடு இருக்கும் ஆயா சொன்னால் கேட்காது. போதாக்குறைக்கு ஐபோனோ ஐபேடோ இல்லாமல் அதை இயக்கி வைக்கவே முடியாது. வீட்டில் வைபை வேறு வேண்டும். கரண்ட் போனால் பேச்சும் போச்சு.

அமேசானின் குட்டி 'எக்கோ டாட்' 2017-ல் ரூ.4,499-க்கு வந்தது. 2019-ல் இந்தி கற்றுக்கொண்டது, தமிழ் கற்கவில்லை. ஸ்பீக்கரில் பேசியே ஜனங்கள் சாமான் வாங்குவார்கள் என்று கம்பெனி கணக்கு போட்டது. ஜனங்களோ பாட்டு கேட்டு, மணி கேட்டு விட்டுவிட்டார்கள். 2017 முதல் 2021 வரை அமேசானின் இந்த மாதிரி கருவிகள் பிரிவுக்கு 2,500 கோடி டாலர் நஷ்டம் என்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2024-ல் எழுதியது.

பட்டன் பெட்டி ஜெயித்தது எப்படி?

அதே 2017-ல் சரிகம கம்பெனி 'கார்வான்' பெட்டியை இறக்கியது. விலை சுமார் ரூ.6 ஆயிரம். உள்ளே 5 ஆயிரம் பழைய பாட்டு. பேசாது, நெட் கேட்காது; பட்டனைத் திருகினால் பாடும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். லட்சக்கணக்கில் விற்றது.

புத்திசாலிப் பெட்டியை விட வீட்டில் எல்லோருக்கும் பயன்படும் பெட்டிதான் இங்கே ஓடும். ஐபோன் இருக்கும் வசதியான வீடுகளில் விலை உயர்ந்த ஸ்பீக்கர் விற்கலாம். தமிழ் புரிந்து, விலை ரூ.5 ஆயிரத்துக்குள் இறங்கும் வரை நெல்லித்தோப்பு பக்கம் அதுக்கு மவுசு வராது.

கையில் இருக்கும் செல்போனே தமிழில் சொன்னால் பாட்டு போடுது. அதோடு ஒரு சாதா புளூடூத் ஸ்பீக்கர் சேர்த்தால் போதும். தவணையில் கையெழுத்து போடும் முன் இதை யோசிப்பது நல்லது.