கறார் வாடிக்கையாளர் யார்?

வாடிக்கையாளரே தெய்வம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தத் தெய்வமே கல்லாவின் முன் வந்து நின்று, "நூற்றைம்பது ரூபாய்க் கூடையை எழுபதுக்குக் கொடு" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. கையால் செய்த பொருள்களை விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. அதைப் பற்றி நமக்குள் மனம் திறந்து பேசிக்கொள்வது நல்லது.

தொப்பூரில் வியாபாரம் செய்கிற நமக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் ஊர்க்காரர். இன்று கோபித்துக்கொண்டு போனாலும் நாளை சந்தையில் முகம் பார்த்தாக வேண்டும். மற்றவர் கணவாய்ச் சாலையில் வருகிற வண்டிக்காரர். முன்பு 7-ஆம் எண்ணாக இருந்து இப்போது 44-ஆம் எண்ணாகிவிட்ட தேசிய நெடுஞ்சாலையில், பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே ஐந்து நிமிடம் நிறுத்தி, முறம், கூடை, மண்பானை ஆகியவற்றைப் பார்ப்பவர். அவர் மறுபடி வருவாரா என்பது தெரியாது. அதனால் அவரும் துணிந்து பேரம் பேசுகிறார். நம்மில் சிலரும் துணிந்து விலையை ஏற்றிச் சொல்கிறோம். பாதி வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

பேரத்துக்கென்று விலையை ஏற்றி வைத்துப் பிறகு இறக்குவது கைவினைப் பொருளுக்குப் பொருந்தாது. நூற்றைம்பது சொல்லி எழுபதுக்குக் கொடுத்தால், எழுபதுதான் அதன் மதிப்பு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிறது. மூங்கிலை வெட்டி, பிளந்து, பிளாச்சு எடுத்து, சீவி, பின்னி முடித்தவரின் கூலி அதற்குள் இருக்கிறது என்று பிறகு சொன்னால் எவர் நம்புவார்? ஒரே விலை சொல்லுங்கள். கட்டுப்படியாகாதவருக்கு அதே வேலைப்பாட்டில் சிறிய கூடை ஒன்றைக் காட்டுங்கள். பொருளை மாற்றலாம், விலையை உடைக்கக் கூடாது.

அடுத்தது ஆர்டர் தகராறு. நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறோம். திருமணத் தாம்பூலத்துக்கு அறுபது கூடைகள் வேண்டும் என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். தெரிந்தவர் மூலம் வந்தவராயிற்றே என்று அச்சாரம் வாங்கவில்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு வந்து, "ஒன்றுபோல் ஒன்று இல்லையே, நிறமும் நான் சொன்னது இல்லை" என்று மறுத்துவிட்டார். அறுபது கூடைகளும் ஆறு மாதம் பரணில் கிடந்தன. அவர்மீது வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அளவையோ நிறத்தையோ நாங்கள் எழுதி வாங்கவே இல்லை. கையால் பின்னுவதில் சிறு வேறுபாடு இருக்கும் என்பதையும் அவருக்குச் சொல்லவில்லை.

1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அந்த மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும். எனவே மாதிரி காட்டும்போதே "கைவேலை, அளவிலும் நிறத்திலும் சிறிது வேறுபடும்" என்று சீட்டில் எழுதி, பாதித் தொகையை அச்சாரமாக வாங்கிவிடுவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, திருப்பிக் கொண்டுவரும் சரக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை நம்மில் பல கடைகளில் இன்னமும் தொங்குகிறது. அதைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் என்று கணக்கு. ரசீது தராததும் அதே குற்றச்சாட்டில் சேரும். பலகை நம்மைக் காப்பாற்றாது, ரசீதுதான் காப்பாற்றும்.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் சொல்லும் குறை சில நேரம் நியாயமானதே. பச்சை மூங்கிலில் பின்னிய கூடை காய்ந்ததும் சுருங்கித் தளரும். நீரில் ஊறப் போடாத மூங்கிலில் மாவுச்சத்து தங்கி, வண்டு துளைத்து மாவாய்க் கொட்டும். அது வாங்கியவரின் பிழை அன்று. மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்பதே கடையின் பெயருக்கு நல்லது. குறையே இல்லாமல் கூச்சல் போடுபவர்களும் உண்டு. அவர்களைக் கும்பிடு போட்டு அனுப்பி வைப்பதும் வியாபாரத்தில் ஒரு பகுதிதான்.

இனி, நம் மனம் சற்றுக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடை பின்னுகிறவருக்கும் பானை வனைகிறவருக்கும் மிகக் கடினமான வாடிக்கையாளர் யார்? சாலையில் வண்டி நிறுத்துபவர் அல்லர். மொத்தமாகக் கொள்முதல் செய்கிற நாம்தான். அடிமட்ட விலைக்குக் கேட்பது, விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கைத் திருப்புவது, பாக்கியை மூன்று மாதம் இழுப்பது ஆகியவற்றை நாம் செய்துகொண்டே வாடிக்கையாளரைக் குறை சொல்வது முறையாகுமா?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. நமக்குச் சரக்குக் கொடுப்பவர்களை அந்தப் பதிவைச் செய்துகொள்ளும்படி நாமே சொல்வதுதான் நேர்மை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொருள், அளவு, நிறம், அச்சாரம், தரும் நாள், திருப்பும் காலம் ஆகிய ஆறும் அடங்கிய ஆர்டர் சீட்டு ஒன்றைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும். ஒரு கட்டு வாடிக்கையாளருடன் எழுதிக்கொள்வதற்கு; மற்றொரு கட்டு கைவினைஞருடன் எழுதிக்கொள்வதற்கு. இரண்டிலும் நாம் ஒரே நியாயத்தைக் கடைப்பிடித்தால் தகராறுகள் பெருமளவு குறையும் என்பது நமது கருத்து.